கார் கிளம்பவில்லையா? 3 பேர் மீது சந்தேகம்! ராயகிரியில் விடியற்காலை நடந்தது என்ன?

ராயகிரி-

விடியற்காலை 4 மணி. தெரு விளக்கு மட்டும் எரிகிறது. வாசலில் ஒரு வாடகை கார் நிற்கிறது. பின் சீட்டில் நிறைமாத கர்ப்பிணி. பக்கத்தில் அவளுடைய தாய். தென்காசி அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் தாண்டி ஒரு மணி நேரப் பயணம்.

டிரைவர் சாவியைத் திருப்பினார்.

"டக்!"

அவ்வளவுதான். மறுபடி திருப்பினார். மறுபடியும் "டக்!"

"ஐயா, பிள்ளைக்கு வலி கூடுது. சீக்கிரம் ஏதாவது பண்ணுங்க" என்று தாய் கதறினாள். அக்கம்பக்கத்தினர் ஓடி வந்தார்கள். ஒருவர் 108-க்கு போன் போட்டார். இன்னொருவர் 2 தெரு தள்ளி இருக்கும் மெக்கானிக் வீட்டுக் கதவைத் தட்டினார்.

மெக்கானிக் லுங்கியோடு வந்தார். பானட்டைத் தூக்கினார். டார்ச் அடித்தார். பேட்டரி முனையில் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்து இருந்தது. "ஒரு செம்பு வெந்நி கொண்டாங்க" என்றார். வந்தது. ஊற்றினார். உப்புத்தாளால் தேய்த்தார். ஸ்பானரைப் போட்டு முறுக்கினார்.

"இப்ப அடிங்க அண்ணாச்சி!"

கார் உறுமியது. மொத்தம் 10 நிமிஷம். 108-க்குப் போன் போட்டவர் "கார் கிளம்பிட்டு, வர வேண்டாம்" என்று சொல்லி வைத்தார். காலை 6.30 மணிக்கு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம்.

இத்தோடு முடிந்திருந்தால் இது செய்தியே அல்ல.

2 வாரம் கழித்து

அதே தெருவில் இன்னொரு கார். வாங்கி 2 வருஷம்தான் ஆகிறது. சாவி போட்டுத் திருப்பும் வேலை இல்லை. பொத்தானை அமுக்கினால் போதும். அன்று அமுக்கினார்கள். கிளம்பவில்லை. போர்டில் சாவி படம் போட்ட சிவப்பு விளக்கு மினுக் மினுக் என்று எரிந்தது.

அதே மெக்கானிக் வந்தார். பேட்டரி பார்த்தார். நன்றாக இருந்தது. சாவிக்குள் இருக்கும் சின்ன பேட்டரியை மாற்றிப் பார்த்தார். பலன் இல்லை. கையைத் துடைத்துக் கொண்டார்.

"சாவியை கார் அடையாளம் தெரிஞ்சிக்கிட மாட்டேங்கு. இதுக்கு மேல உள்ள போக கம்பெனி கம்ப்யூட்டர்தான் வேணும். அது என்கிட்ட கிடையாது. இருக்கதைச் சொல்லுதேன்" என்றார்.

லாரியில் ஏற்றி வெளியூருக்குக் கொண்டு போனார்கள். 2 நாள் போனது. லாரி வாடகை தனி, சர்வீஸ் பில் தனி.

ஒரே தெரு. ஒரே மெக்கானிக். ஒரு காரை 10 நிமிஷத்தில் கிளப்பினார். இன்னொரு காரை ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஏன்? நமது நிருபர் விசாரணையில் இறங்கினார். மெக்கானிக்குகள், டிரைவர்கள், பங்க் ஊழியர்களிடம் கேட்டார். முடிவில் 3 பேர் மீது சந்தேகம் விழுந்தது. முதல் ஆள், பேட்டரி. இரண்டாவது ஆள், பெட்ரோல். மூன்றாவது ஆள், கார் கம்பெனி!

சத்தமே சாட்சி

கொலை வழக்கில் சாட்சி முக்கியம். கார் வழக்கில் சத்தம்தான் சாட்சி. மெக்கானிக்குகள் சொல்லும் விவரம் வருமாறு:-

"டக் டக் டக்" என்று வேகமாகச் சத்தம், விளக்கு மங்கல் என்றால், பேட்டரி பலவீனம். அல்லது முனையில் உப்பு.

சத்தமும் இல்லை, விளக்கும் இல்லை, ஹாரனும் இல்லை என்றால், பேட்டரி அடியோடு இறங்கிவிட்டது. அல்லது வயர் கழன்று இருக்கிறது.

விளக்கு பளிச், ஆனால் ஒரே ஒரு "டக்" என்றால், பேட்டரி முனையைச் சுத்தம் செய்து பார்க்க வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் செல்ப் மோட்டார் மீது சந்தேகம்.

விளக்கு பளிச், சத்தமே இல்லை என்றால், பதற்றப்பட வேண்டாம். ஆட்டோமேட்டிக் கார் என்றால் கியர் 'பி'யில் இருக்கிறதா, பிரேக்கை மிதித்தீர்களா என்று பாருங்கள். சில கார்களில் கிளட்ச்சை மிதித்தால்தான் செல்ப் எடுக்கும். அதுவும் சரி என்றால் பியூஸ், ரிலே.

"கிர்ர்... கிர்ர்..." என்று நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால், பேட்டரி நிரபராதி! பெட்ரோல் வரவில்லை. அல்லது பிளக்குக்குக் கரண்ட் வரவில்லை. அல்லது சாவியை கார் ஏற்கவில்லை.

இன்னொரு துப்பு. சாவியை ஆன் செய்ததும், பெரும்பாலான பெட்ரோல் கார்களில் பின் சீட்டுப் பக்கம் 2 வினாடி "ஊங்" என்று கேட்கும். அது டேங்கில் இருக்கும் பெட்ரோல் பம்ப். எப்போதும் கேட்கும் அந்தச் சத்தம் இன்று கேட்கவில்லை என்றால், கைவைக்க வேண்டிய இடம் தெரிந்துவிட்டது.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். செல்ப்பை விடாமல் அடிக்காதீர்கள். ஒரு தடவைக்கு 5 வினாடி, மிஞ்சினால் 10 வினாடி. பிறகு அரை நிமிஷமாவது ஓய்வு கொடுங்கள். இல்லாவிட்டால் இருக்கிற பேட்டரியும் போகும், செல்ப் மோட்டாரும் கருகும்.

முதல் ஆள்: பேட்டரி

கிளம்பாத கார்களில் மெக்கானிக்குகள் முதலில் சந்தேகப்படுவது இவரைத்தான். கார் பேட்டரிக்கு ஆயுள் சுமார் 3 முதல் 5 வருஷம். நம் ஊர் வெயிலுக்கு இன்னும் குறையும். முழு சார்ஜில் நிற்கும்போது 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12-க்குக் கீழே போனால் ஆள் மயக்கம்! என்ஜின் ஓடும்போது 14 வோல்ட் அளவுக்குக் காட்ட வேண்டும். காட்டவில்லையா? பேட்டரியைத் திட்டிப் பயன் இல்லை. அதற்குச் சோறு போடும் ஆல்டர்னேட்டர்தான் படுத்துவிட்டது. புது பேட்டரி போட்டாலும் சில நாளில் அதுவும் இறங்கும். எலக்ட்ரீஷியன் கடையில் மீட்டர் வைத்துப் பார்க்க சில நிமிஷம் போதும்.

அடுத்த காரில் இருந்து கரண்ட் எடுக்கும்போது வரிசை முக்கியம். செத்த பேட்டரியின் பிளஸ், நல்ல பேட்டரியின் பிளஸ், நல்ல பேட்டரியின் மைனஸ், கடைசியில் செத்த காரின் என்ஜின் இரும்பு. கடைசி முனையை பேட்டரி பக்கம் கொண்டு போகாதீர்கள். பேட்டரியில் இருந்து ஹைட்ரஜன் வாயு வரும். ஒரு பொறி பட்டால் வெடிக்கும். பீடியோடு பானட்டுக்குள் தலையை நீட்டும் அண்ணாச்சிகளுக்கும் இதே எச்சரிக்கை!

தள்ளி ஸ்டார்ட் செய்வது கையால் கியர் போடும் காருக்கு மட்டும். செகண்ட் கியர், சாவி ஆன், கிளட்ச்சை விடு. ஆட்டோமேட்டிக் காரை ஊரே கூடித் தள்ளினாலும் கிளம்பாது.

ஒரு காலத்தில் இந்தக் கவலை இல்லை. அம்பாசிடர் காரில் பேட்டரி இறங்கினால் முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றுவார்கள். திருப்பி அடித்தால் மணிக்கட்டு உடையும்! அந்த ஆபத்துக்கு முடிவு கட்ட வந்ததுதான் எலக்ட்ரிக் செல்ப். அமெரிக்காவில் 1912-ம் ஆண்டு காடிலாக் காரில் அது வந்தது. அம்பாசிடர் உற்பத்தி 2014-ல் நின்றது. ஹேண்டிலும் போய்விட்டது.

கூட்டாளிகளும் உண்டு. வயல் ஓரம், தோப்பு ஓரம் நிறுத்தும் கார்களில் எலி புகுந்து வயரைக் கடிக்கிறது. ராயகிரி பக்கம் இது சகஜம். குற்றாலச் சாரலில் நாள் முழுவதும் நனைந்த பழைய கார்கள், ஈரம் கோர்த்து மக்கர் செய்யும். பானட்டைத் திறந்து வைத்துத் துடைத்துக் காய விட்டால் கிளம்பிவிடும். புது டீசல் கார்கள் சிலவற்றில் யூரியா கரைசலுக்கு என்று தனி டேங்க் உண்டு. அது காலியானால் டீசல் நிறைய இருந்தாலும் கார் மறுபடி கிளம்பாது. "டீசல் போட்டேனே, ஏன் கிளம்பல?" என்று தலையில் கை வைப்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது ஆள்: பெட்ரோல்

இனி வருவது ஊர் வம்பு அல்ல. நாட்டையே பேச வைத்த சம்பவம்.

2025-ம் ஆண்டு ஜூன் 26-ந் தேதி இரவு. மத்தியபிரதேச மாநிலம் ரத்லம். முதல்-மந்திரி மோகன் யாதவின் பாதுகாப்பு அணிவகுப்புக்காக வந்த 19 கார்கள் ஒரு பங்கில் டீசல் போட்டன. கொஞ்ச தூரம்தான் போனது. ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. டிரைவர்கள் இறங்கித் தள்ளினார்கள். டேங்க்கைத் திறந்து பார்த்தால், டீசலோடு தண்ணீர்! மழைத் தண்ணீர் பங்கின் நிலத்தடி டேங்கில் இறங்கியது என்று தெரிய வந்தது. பங்குக்கு சீல் வைத்தார்கள். முதல்-மந்திரிக்கு வேறு கார்கள் ஏற்பாடு ஆயின.

முதல்-மந்திரியின் கார் நின்றால் அந்த இரவே சீல். வாடகை கார் டிரைவரின் கார் நின்றால்? "உன் வண்டியிலதான் கோளாறு" என்ற பதில்தான் கிடைக்கும்! இங்கேதான் பிரச்சினை இருக்கிறது.

பெட்ரோலில் இப்போது இன்னொரு சங்கதியும் சேர்ந்துவிட்டது. அதுதான் எத்தனால். 2014-ல் பெட்ரோலில் எத்தனால் 2 சதவீதம் கூட இல்லை. 2025-ல் 20 சதவீதத்தை எட்டியது. 2030-க்கு என்று வைத்த குறி 5 வருஷம் முன்னதாகவே வந்தது. கரும்பு, மக்காச்சோளம், அரிசியில் இருந்து இது வருகிறது. கச்சா எண்ணெய் இறக்குமதி குறையும், விவசாயிக்குக் காசு வரும் என்பது அரசின் வாதம். கரும்பு விளையும் சிவகிரி, வாசுதேவநல்லூர் பக்கத்து ஆட்களுக்கு இதில் லாபம் உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது.

ஆனால் எத்தனால் என்பது ஆல்கஹால். அதுவும் தண்ணீரும் நெருங்கிய சொந்தம். கொஞ்சம் தண்ணீர் என்றால் பெட்ரோலோடு கரைத்து வைத்துக் கொள்ளும். அளவு மீறினால் எத்தனால் பெட்ரோலை விட்டுப் பிரியும். தண்ணீரோடு சேர்ந்து டேங்கின் அடியில் போய்ப் படுக்கும். காரின் பம்ப் உறிஞ்சுவதும் அடியில் இருந்துதான்! பிறகு கார் எப்படிக் கிளம்பும்? அதனால்தான் மழைக்காலத்தில் பங்க் டேங்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் போகாமல் பார்ப்பது முன்பைவிட இப்போது முக்கியம்.

மைலேஜ் பற்றியும் புகார் வந்தது. 2025 ஆகஸ்டில் மத்திய பெட்ரோலிய அமைச்சகம் விளக்கம் அளித்தது. இந்தக் கலவைக்கு ஏற்றபடி டியூன் செய்த கார்களில் 1 முதல் 2 சதவீதம் குறையும், மற்ற கார்களில் 3 முதல் 6 சதவீதம் குறையலாம் என்றது. பழைய வண்டிகள் சிலவற்றில் 20 ஆயிரம், 30 ஆயிரம் கிலோ மீட்டர் ஓடிய பிறகு ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டி வரலாம், செலவு அதிகம் இல்லை என்றும் சொன்னது. எத்தனால் கலக்காத பெட்ரோலும் வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டில் ஒருவர் பொதுநல வழக்குப் போட்டார். 2025 செப்டம்பர் 1-ந் தேதி அது தள்ளுபடி ஆனது.

ஆகவே, கார் கிளம்பாததற்கு எல்லாம் எத்தனால்தான் காரணம் என்று சொல்வது தப்பு. எத்தனாலுக்குச் சம்பந்தமே இல்லை என்று சொல்வதும் தப்பு. பங்க்காரர் டேங்க்கை எப்படி வைத்திருக்கிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

உங்களுக்கு உரிமை உண்டு

பலருக்குத் தெரியாத விஷயம் இது. பங்கில் பில்டர் பேப்பர் கேட்டால் இலவசமாகத் தர வேண்டும். அதில் ஒரு சொட்டு பெட்ரோல் விடுங்கள். சுமார் 2 நிமிஷத்தில் கறை இல்லாமல் ஆவியாக வேண்டும். கறை நின்றால் கலப்படச் சந்தேகம். அளவில் சந்தேகமா? முத்திரை போட்ட 5 லிட்டர் அளவைக் கேட்டுப் பிடித்துப் பார்க்கலாம். டேங்கில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கப் பசை தடவிய கோலை விடுவார்கள். பசையின் நிறம் மாறினால் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம்.

எல்லாவற்றுக்கும் மேலாக பில் வாங்குங்கள். பெட்ரோல் போட்ட சில கிலோ மீட்டரில் கார் நின்றால், டேங்க்கில் இருப்பதை மெக்கானிக் முன்னிலையில் கண்ணாடி பாட்டிலில் இறக்கி போட்டோ எடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கு மேலும் வேண்டுமானால் மாவட்ட நுகர்வோர் கோர்ட்டு இருக்கிறது. பில் இல்லாதவனுக்கு வழக்கு இல்லை!

மூன்றாவது ஆள்: கார் கம்பெனி

இப்போது ராயகிரியின் இரண்டாவது காருக்கு வருவோம்.

இன்றைய காரில் என்ஜினுக்குச் சமமாகக் கம்ப்யூட்டரும் வேலை செய்கிறது. ஸ்டீயரிங் அடியில் ஒரு சாக்கெட் இருக்கும். அதில் ஸ்கேனர் செருகினால் காரே தன் நோயைச் சொல்லும். இந்த வசதி இந்தியாவில் 2010-ல் கட்டாயம் ஆனது. 2013-ல் இன்னும் விரிவாக வந்தது. சாதாரண ஸ்கேனர் கடையில் கிடைக்கிறது. பொதுவான நோயைச் சொல்லும். ஆனால் சாவியைப் பதிவு செய்வது, பூட்டு விழுந்த கம்ப்யூட்டரைத் திறப்பது போன்ற வேலைகளுக்குக் கம்பெனியின் சொந்த மென்பொருள் வேண்டும். அது சின்ன ஊர் மெக்கானிக் கையில் இல்லை.

இது புதுப் புகார் அல்ல. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டு 25-ந் தேதி ஓர் அதிரடி உத்தரவு போட்டது. 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் ரூ.2,544 கோடியே 65 லட்சம் அபராதம்! அசல் உதிரி பாகங்களும், நோய் கண்டுபிடிக்கும் கருவிகளும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் கம்பெனிகள் அடைத்து வைத்திருக்கின்றன என்பது குற்றச்சாட்டு. அவற்றை வெளியிலும் கிடைக்கச் செய்யுங்கள் என்று ஆணையம் சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின.

2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை, "பழுது பார்க்கும் உரிமை" பற்றி ஆராய ஒரு கமிட்டி போட்டது. விவசாயக் கருவி, செல்போன் முதலான எலக்ட்ரானிக்ஸ், வீட்டு உபயோகப் பொருள், மோட்டார் வாகனம் ஆகிய 4 துறைகள் அதில் வந்தன. அதே ஆண்டு டிசம்பரில் இணையதளமும் திறந்தார்கள். ஆனால் கம்பெனிகளைக் கட்டாயப்படுத்தும் தனிச் சட்டம் 2025 வரை வரவில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-ல் மக்கள் ஓட்டுப் போட்டே இந்த உரிமையை வாங்கினார்கள்.

கம்பெனிகள் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. சாவி ரகசியத்தை எல்லோருக்கும் கொடுத்தால் கார் திருடனுக்கும் போய்ச் சேரும் என்கிறார்கள். குற்றச் செய்தி எழுதும் நிருபருக்கு இது புரியாமல் இல்லை. அதற்கு வழி, பயிற்சி பெற்றவர்களைப் பதிவு செய்து அவர்களிடம் மட்டும் கொடுப்பது. யாருக்கும் கிடையாது என்று பூட்டி வைப்பது வழி ஆகாது. பெரிய நகரங்களில் உள்ள சர்வீஸ் சென்டரை நம்பி ராயகிரி கர்ப்பிணி காத்திருக்க முடியுமா?

2019 நவம்பர் 22-ல் நெல்லையைப் பிரித்து தென்காசி மாவட்டம் உதயம் ஆனது. கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் வந்தது. அதேபோல மெக்கானிக்குகளுக்குப் பயிற்சியும் பக்கத்தில் வர வேண்டும். அரசு ஐ.டி.ஐ.க்களில் மாலை நேர ஸ்கேனர் வகுப்பு வைத்தால் வேலை செய்துகொண்டே படிப்பார்கள். இது ஒன்றும் பெரிய செலவு இல்லை.

வெள்ளமும் வழிப்பறியும்

இரண்டு எச்சரிக்கைகள் பாக்கி இருக்கின்றன.

ஒன்று, வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டி மீட்டர் மழை கொட்டியதை தென் மாவட்டத்தார் மறக்க முடியாது. வெள்ளத்தில் நின்ற காரை ஸ்டார்ட் செய்தே பார்க்காதீர்கள். என்ஜினுக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளையும். பேட்டரியைக் கழற்றிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். சாதாரண இன்சூரன்சில், தண்ணீரில் ஸ்டார்ட் செய்து என்ஜின் போனால் பணம் கிடைப்பது கஷ்டம். என்ஜின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்த்துக் கட்டியிருக்க வேண்டும்.

இரண்டு, ராத்திரி நடுரோடு. உதவி செய்வது போல வந்து, நீங்கள் பானட்டில் குனிந்திருக்கும்போது சீட்டில் உள்ள பையைத் தூக்கிக்கொண்டு கம்பி நீட்டும் ஆசாமிகள் உண்டு. கார் நின்றால் ஓரம் கட்டுங்கள். நான்கு இண்டிகேட்டரையும் போடுங்கள். டிக்கியில் இருக்கும் சிவப்பு முக்கோணத்தைப் பின்னால் தள்ளி வையுங்கள். கதவைப் பூட்டிவிட்டு பானட்டைத் திறங்கள். தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033. ஆபத்து என்றால் 112.

என்ன செய்யலாம்?

இன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் 5 நிமிஷம் ஒதுக்குங்கள். பேட்டரி முனையைப் பாருங்கள். உப்பு இருந்தால் சுத்தம் செய்யுங்கள். பேட்டரி வாங்கிய தேதியைப் பாருங்கள். 4 வருஷம் ஆகி இருந்தால் மீட்டர் வைத்துப் பாருங்கள். இரண்டாவது சாவி வேலை செய்கிறதா என்று இன்றே சோதியுங்கள். காரை எடுக்கா விட்டாலும் வாரம் ஒரு முறை 20 நிமிஷமாவது ஓட்டுங்கள்.

பேட்டரி உங்கள் பொறுப்பு. பங்க் டேங்க் அதிகாரிகள் பொறுப்பு. பூட்டிய கம்ப்யூட்டர் சர்க்காரின் பொறுப்பு. முதல் ஆளை நாமே பிடித்துவிடலாம். மற்ற 2 பேரைப் பிடிக்கச் சட்டம்தான் வர வேண்டும்.

ராயகிரி மெக்கானிக்கிடம் கடைசியாக ஒரு கேள்வி கேட்டோம். "அன்னைக்கு அந்தப் பொண்ணு ஏறினது ரெண்டாவது காரா இருந்திருந்தா?"

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:-

"அதைத்தான் அண்ணாச்சி நானும் ராத்திரி படுத்துக்கிட்டு நினைக்கேன்."